நோயாளியின் விருப்பமும் மருத்துவத்தின் பயனும்

நோயுற்றான் ஒருவனுக்கு நன்மையாவது இன்னதென்று துணிதற்கு உரியார் யாவர்? நோயின் இயல்பறிந்த மருத்துவரோ? அவன்மாட்டு அன்புடைய சுற்றத்தாரோ? நோயை நுகர்கின்ற அவன்றானோ? இவ்வினாவை ஏட்டளவில் வைத்துக் கேட்பின், மூவருந்தாம் என்று விடையிறுத்து எளிதில் அமையலாம். மூவர் கருத்தும் வேறுபட்டு நிற்கும்போது எவர் கருத்து முற்படவேண்டும் என்று கேட்பின் விடை அத்துணை எளிதன்று. அறம் இன்னதென்று பிறர்க்கு எடுத்தோதுவதிலே வாழ்நாளைக் கழித்த யானும், இவ்வினா நேரே எதிர்ப்பட்ட ஒரு நாளிலே தவறினேன். அத்தவற்றினின்று கற்றதனைச் சைவ நன்மக்கள் முன்னிலையில் வைத்து ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இளமையில் ஒரு திருமடத்திலே யான் இலக்கண இலக்கியங்களும் சாத்திரங்களும் பயின்ற காலத்து, அங்கேயே திருமுறைகளைப் பண்ணோடு ஓதப் பயின்றவர் ஒருவர் எனக்கு உற்ற நண்பராயினார். பின்னர் அவர் ஒரு சிவாலயத்திலே ஓதுவாராக அமர்ந்து நாற்பதாண்டு திருமுறைத் தொண்டு செய்தார். சில ஆண்டுகட்கு முன்னர் அவர் குரல் கம்மத் தொடங்கிற்று. முதுமையின் விளைவென்று கருதிச் சுக்கும் மிளகும் பனங்கற்கண்டும் உட்கொண்டு பல திங்கள் கழித்தார். மூச்சுவிடுதலும் அரிதாகிய பின்னரே நகரத்து மருத்துவமனை ஒன்றிற்கு அவரை அழைத்துச் சென்றோம். குரல்வளையிலே புற்றுநோய் தோன்றி வளர்ந்திருப்பதை மருத்துவர் கண்டார்.

மருத்துவர் நண்பரை உள்ளே இருத்தி, அவர்தம் மகனையும் என்னையும் வேறிடத்துக்கு அழைத்துக் கூறியது இது: அவர் நிலைக்குப் பொருந்திய வழிகள் இரண்டு. ஒன்று, குரல்வளை முழுவதையும் அறுத்தெடுத்தல். இதனால் நோய் நீங்குதற்குரிய வாய்ப்பு நன்று. ஆயினும் இயல்பான குரல் மீளாது. மூச்சுங் கழுத்தில் அமைக்கப்படும் துளைவழியே இயங்கும். மற்றொன்று, கதிர்வீச்சும் மருந்தும் சேர்த்துச் செய்யும் மருத்துவம். இதனால் குரல்வளை எஞ்சுதல் கூடும். ஆயின் ஏறக்குறைய ஏழு வாரம், வாரத்துக்கு ஐந்து நாள் வரவேண்டும். விழுங்குதலில் இடர் உண்டாகலாம். நோய் மீண்டுவிடின் பின்னர் அறுவையும் வேண்டப்படும். "இரண்டும் தக்கனவே. எதனை வேண்டுகின்றீர்கள்?" என்று அவர் வினவினார்.

மகன் கண்ணீர் மல்கி, "ஐயா, அப்பாவிடம் நோயின் பெயரைச் சொல்லவேண்டா. நீங்கள்தாம் அவரை நன்கறிந்தவர்கள். எது தக்கதென்று நீங்களே சொல்லுங்கள்" என்று என்னை நோக்கினான். யான் சிறிதுந் தயங்கவில்லை. "குரலே அவர்க்கு உயிர். அதனை இழந்து ஒருநாளும் வாழ விரும்பார். கதிர்வீச்சே செய்யுங்கள்" என்றேன். மருத்துவர் எங்களிருவரையும் அமைதியாக நோக்கி, "நீங்கள் கூறுவது உண்மையாகவும் இருக்கலாம். ஆயினும் அவரைக் கேளாமல் நான் எதையுந் தொடங்கமாட்டேன்" என்றார். அருளில்லாத சொல்லாகவே அஃது எனக்கு அப்பொழுது தோன்றிற்று.

மறுநாள் மருத்துவர் நண்பர்க்கு எல்லாவற்றையும் மெல்ல எடுத்துரைத்தார். அவர் சிறிது நேரம் கண்மூடியிருந்தார். பின்னர்க் கம்மிய குரலில் மூன்று வினாக்களைக் கேட்டார். நோய் மீளாமைக்கு எவ்வழி உறுதியுடையது? எத்தனை நாள் வீட்டைவிட்டு வரவேண்டியிருக்கும்? செவிப்புலனுக்கு ஊறு ஏதேனும் உண்டோ? மூன்றாம் வினாவைக் கேட்டு யான் வியந்தேன். மருத்துவரோ, கதிர்வீச்சோடு சேர்த்துக் கொடுக்கப்படும் மருந்து சிலர்க்குச் செவிப்புலனைக் குறைத்தலும் உண்டு என்றார்.

நண்பர் என்பக்கந் திரும்பி, "நீர் என் குரலுக்காக வருந்துகிறீர். வீட்டிலே கண்ணொளி இழந்திருக்கிறவளுக்கு ஏழு வாரம் யார் சோறு எடுத்து வைப்பார்கள்? நாற்பதாண்டு நான் பாடியாயிற்று. இப்பொழுது பேர்த்தி பாடக் கற்கிறாள். அவள் பாடுவதைக் கேட்கச் செவி வேண்டும். பிழை திருத்தச் சில ஆண்டுகளும் வேண்டும். குரலை எடுத்துக்கொள்ளட்டும்" என்றார். நாற்பதாண்டு நட்பினாற் பெற்ற என் அறிவு அவ்வொரு சொல்லின்முன் நில்லாதாயிற்று. என் கணக்கிலே அவர்தங் குரல் இருந்தது, அவர்தம் மனைவியார் இருந்திலர், பேர்த்தி இருந்திலள், செவி இருந்ததில்லை.

இது கூறியது, அறுவையே சிறந்ததென்று நாட்டுதற்கன்று. அதே நோயுடைய வேறொருவர் குரலையே வேண்டியிருப்பின் அதுவும் அவர்க்குப் பொருந்துவதாம். அஃது எங்ஙனமெனின் கூறுதும்.

அமெரிக்க நாட்டிலே மெக்நீல் என்னும் அம்மையாரும் அவரோடு கூடிய ஆராய்ச்சியாளரும் 1981-ஆம் ஆண்டு குரல்வளைப் புற்றுநோய்பற்றி ஓர் ஆராய்ச்சி வெளியிட்டனர். நோயில்லாத 37 பேரை, அவருள் 12 பேர் தீயணைக்குந் தொழிலாளரும் 25 பேர் அலுவல் நடத்துந் தலைவருமாக, அவர்கள் அணுகி வினவினார்கள். அறுவை செய்துகொள்ளின் வாழ்நாள் மிகும், குரல் போம். கதிர்வீச்சாயின் குரல் எஞ்சும், வாழ்நாள் குறைதலுங் கூடும். இவற்றுள் எதனை வேண்டுவீர் என்பது வினா. ஏறக்குறைய ஐவருள் ஒருவர் குரலின்பொருட்டுக் கதிர்வீச்சையே தேர்வர் என்று அவ்வாராய்ச்சி காட்டிற்று. நால்வர் ஒருபாலும் ஒருவர் ஒருபாலும் ஆயினர். எல்லார்க்கும் அறுவையே என்று விதிப்பின் ஐவருள் ஒருவர்க்கு அவர் வேண்டாததைச் செய்ததாகும். எல்லார்க்குங் கதிர்வீச்சே என்று விதிப்பினோ நால்வர்க்கு அங்ஙனமாகும்.

பத்தாண்டு கழித்து, 1991-ஆம் ஆண்டு, முன்னாட் படைவீரர் மருத்துவமனைகளிலே முதிர்ந்த குரல்வளைப் புற்றுநோயுடைய 332 பேரிடம் நடத்திய ஆராய்ச்சியின் முடிவு வெளிவந்தது. ஒரு சாரார்க்குக் குரல்வளையை நீக்கிக் கதிர்வீச்சுச் செய்யப்பட்டது. மற்றொரு சாரார்க்கு முதற்கண் மருந்தேற்றிப் பின்னர்க் கதிர்வீச்சுச் செய்யப்பட்டது. ஈராண்டளவில் உயிர்வாழ்வோர் இருதிறத்தும் நூற்றுக்கு 68 என்றே கணிக்கப்பட்டது. பின்னைய சாராருள் நூற்றுக்கு 64 பேர்க்குக் குரல்வளை எஞ்சிற்று. வாழ்நாளளவில் இருவழியும் ஒத்து நிற்குமாயின், அவ்விரண்டனுள் ஒன்றைத் தேர்தற்கு மருத்துவநூல் மாத்திரையே போதுமோ? போதாது. துலாக்கோலின் இருதட்டும் ஒத்துநிற்கும்போது அதனைச் சாய்க்கும் எடை நோயாளியின் உள்ளத்தினின்றே வருதல் வேண்டும்.

இனி, இக்காலத்து மேனாடுகளிலே பயன்மதிப்பு நோக்கிய மருத்துவம் என ஒரு கொள்கை பரவியுள்ளது. மைக்கேல் போர்ட்டர், எலிசபெத் தெய்ஸ்பெர்க் என்னும் இருவர் 2006-ஆம் ஆண்டு வெளியிட்ட நூலால் இது பெரிதும் விளங்கிற்று. மருத்துவத்தின் மதிப்பாவது, செலவிட்ட பொருளுக்கு நோயாளி பெற்ற நலம் எத்துணை என்பது என, போர்ட்டர் 2010-ஆம் ஆண்டு சுருக்கிக் கூறினார். எத்தனை அறுவை செய்தோம், எத்தனை படுக்கை நிரப்பினோம் என்று செயலை எண்ணி மகிழாது விளைந்த பயனை எண்ணுக என்பது இதன் உட்கிடை. இக்கொள்கை நன்றே. பயனை நோக்காத செயல் வீணென்பது நம் முன்னோர்க்கும் உடன்பாடு.

ஆயினும் ஈண்டு ஓர் ஐயம் எழுகின்றது. செலவாகிய பொருளைக் காசால் அளக்கலாம். பெற்ற நலத்தை எதனால் அளப்பது? வாழ்ந்த ஆண்டுகளாலோ, எஞ்சிய குரலாலோ, நோவின்மையாலோ, வீட்டிலிருந்த நாட்களாலோ? இவை ஒவ்வொன்றும் நலமே. ஒன்றினும் ஒன்று எத்துணை மிக்கதென்பது ஆளுக்கு ஆள் வேறுபடும். ஆகலின் எவர்க்கு நலம் விளையவேண்டுமோ அவரைக் கேளாமல் பயன்மதிப்பைக் கணித்தல், எடைக்கல் இன்றி நிறுத்தலை ஒக்கும். செலவின் பக்கத்தையும் நோக்குக. மருத்துவமனையின் கணக்கிலே மருந்தின் விலையும் கட்டிலின் வாடகையும் உண்டு. ஏழு வாரம் நாடோறும் பேருந்தில் வந்துபோதலும், மகன் வேலையிழத்தலும், கண்ணொளியில்லாத மனைவியார் தனித்திருத்தலும் அக்கணக்கில் இல்லை. அவையும் செலவே. அவற்றை அறிந்தவர் நோயாளி ஒருவரே.

இதனைக் கருதியே ஐரோப்பிய ஒன்றியத்தின் வல்லுநர் குழு 2019-ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கையில் மதிப்பை நான்காக வகுத்தது. நோயாளி தாம் குறித்த நோக்கத்தை அடைதற்கு ஏற்ற மருத்துவம் பெறுதல் ஒன்று. உள்ள பொருளைக்கொண்டு இயன்ற சிறந்த பயனை விளைத்தல் ஒன்று. பலதிறத்து நோயாளிகட்கும் பொருளை நடுவுநிலையிற் பகிர்தல் ஒன்று. சமுதாயத்தில் மக்கள் கூடிவாழ்தற்குத் துணையாதல் ஒன்று. இந்நான்கனுள் தனியொருவர்க்குரிய மதிப்பும் ஒன்றாக எண்ணப்பட்டமை நினைக்கத்தக்கது.

நோயாளியின் உள்ளத்தை மருத்துவர் ஊகித்தறிதல் கூடாதோ எனின், யான் என் நண்பரை ஊகித்தவாற்றால் விடை பெறப்படும். இது பேதையேன் ஒருவன்மாட்டு நிகழ்ந்த பிழை மாத்திரமன்று. மல்லி முதலிய அறிஞர் மூவர் 2012-ஆம் ஆண்டு எழுதிய கட்டுரையிலே ஒரு செய்தியை எடுத்துக்காட்டினர். மார்பகப் புற்றுநோயுடைய பெண்டிருள் நூற்றுக்கு 71 பேர் மார்பகத்தைக் காத்துக்கொள்ளுதலையே தலையாய நோக்கமாகக் கொள்வர் என்று மருத்துவர் கருதியிருந்தனர். அப்பெண்டிரையே வினவியபோது அங்ஙனங் கூறியவர் நூற்றுக்கு 7 பேரே. நோயைப் பிழைபட அறிதல்போலவே நோயாளியின் விருப்பத்தைப் பிழைபட அறிதலும் ஒரு பிழையே என்று அவர்கள் கூறுகின்றனர். நோயைப் பிழைபட அறிந்தது பின்னர் வெளிப்படும். விருப்பத்தைப் பிழைபட அறிந்ததோ எவர்க்குந் தெரியாமலே மறைந்துபோம், கேட்டாலன்றோ தெரியும்.

இனிச் சைவ சித்தாந்த முறையால் இதனை நோக்குவாம். உயிர்க்கு இச்சை, ஞானம், கிரியை என ஆற்றல் மூன்று உண்டென்பது நம் சாத்திரங்களின் துணிபு. விரும்புதல், அறிதல், செய்தல் என்னும் இம்மூன்றும் ஆணவ மலத்தால் மறைப்புண்டு கிடக்கின்றன. அவற்றைச் சிறிது விளக்குதற்பொருட்டு இறைவன் மாயையினின்று தத்துவங்களை உதவுகின்றான். கலை செயலாற்றலைத் தூண்டும். வித்தை அறிவாற்றலைத் தூண்டும். அராகம் விருப்பாற்றலைத் தூண்டும். அவற்றின் தோற்றமுறையை உற்று நோக்குக. கலையினின்று வித்தையும் வித்தையினின்று அராகமும் தோன்றும் என்றே ஆசிரியர் வைத்தனர். அறிவு விளங்கிய பின்னரே விருப்பம் ஒன்றைப் பற்றும் என்பது இதனாற் போதரும்.

இதனினின்று நம் வினாவுக்கு இரண்டு முடிபுகள் கிடைக்கின்றன. ஒன்று, விரும்புதலும் உயிரின் ஆற்றலே. அது நோயால் அழிவதன்று. நோயாளியின் உடம்பு கட்டிலிற் கிடப்பினும் அவன் அறிவுடைய உயிராகவே கிடக்கின்றான். பழுதுபார்த்தற்குக் கொணர்ந்த பொருளன்று. அவன்றன் விருப்பத்தைக் கேளாது செய்தல், உயிரைச் சடமாக வைத்து எண்ணிய குற்றத்தின்பாற் படும். மற்றொன்று, அறிவின்றி எழுந்த விருப்பம் முழு விருப்பமன்று. "உமக்கு என்ன வேண்டும்?" என்று மாத்திரங் கேட்டு, அவன் வாயில் வந்ததை எழுதிக்கொண்டு செல்லும் மருத்துவர் தங் கடமையைச் செய்தவராகார். முன்னர் விளக்கவேண்டும், பின்னர்க் கேட்கவேண்டும், அதன்பின்னரே செய்யவேண்டும். ஞானம், இச்சை, கிரியை என்னும் இம்முறை பிறழின் நன்மையுந் தீமையாம்.

அறிவு விருப்பத்தை எங்ஙனந் திருத்தும் என்பதற்கும் என் பிழையே சான்று. குரல்வளையை நீக்கினால் வாழ்நாள் முழுதும் ஊமையாய்க் கிடத்தல் வேண்டும் என்றே யான் எண்ணியிருந்தேன். மூச்சுக்குழாய்க்கும் உணவுக்குழாய்க்கும் இடையே சிறியதொரு கருவியைப் பொருத்திப் பேசச்செய்யும் முறையைச் சிங்கர், பிளாம் என்னும் அமெரிக்கர் இருவர் 1980-ஆம் ஆண்டிலேயே வெளியிட்டனர் என்பதும், பெங்களூரு மருத்துவர் விசால் ராவ் என்பவர் அத்தகைய கருவியை ஏழைகட்கும் எட்டும் விலையில் வடிவமைத்து அதற்கு 'ஓம்' எனப் பெயரிட்டனர் என்பதும் பின்னரே அறிந்தேன். அறியாமையினின்று எழுந்த என் உறுதி எத்துணைப் பெரிது!

இனி இதன்மேல் எழுந் தடைகளை ஆராய்வாம்.

திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறளில் மருத்துவத்தை நோயாளி, மருத்துவன், மருந்து, உடனிருந்து உதவுவான் என நால்வகைப்படுத்தினார். அதற்கு உரைகண்ட பரிமேலழகர் நோயாளிக்கு வேண்டும் நான்கனுள் மருத்துவன் சொல்வழி நிற்றலையும் ஒன்றாக வைத்தார். ஆகவே நோயாளி தன் விருப்பங் கூறுதல் நூலொடு மாறுகொள்ளும் என்பர் சிலர். அற்றன்று. அவ்வுரையாசிரியரே தன் நோய்நிலையை எடுத்துணர்த்தும் வன்மையையும் நோயாளிக்கு உரியதாக வைத்தார் என்பதை அவர் மறந்தனர். உணர்த்தும் வன்மை அவனுக்கு வேண்டுமாயின், கேட்குங் கடப்பாடு மருத்துவர்க்கு உண்டென்பது தானே பெறப்படும். எங்கே நோகின்றது என்பதோடு எதனை இழக்க அஞ்சுகின்றேன் என்பதும் நோய்நிலையே. வழி இன்னதென்று இருவருங்கூடித் துணிந்த பின்னர், அவ்வழியிற் பிறழாது நிற்றலே மருத்துவன்வழி நிற்றலாகும். குறளும் நான்கனுள் நோயாளியையே முதற்கண் வைத்து எண்ணுதல் காண்க.

நோயாளியின் மனம் அச்சத்தாற் கலங்கியது, சொல்லுக்குச் சொல் மாறும், அதனை எங்ஙனம் நம்புவது என்பார் வேறு சிலர். மாறும் என்பது மெய்யே. முற்கூறிய மெக்நீல் அம்மையாரும் பிறரும் 1982-ஆம் ஆண்டு நுரையீரற் புற்றுநோய்பற்றி நடத்திய ஆராய்ச்சியிலே, ஒரே செய்தியை இருவகையாகச் சொல்லிப் பார்த்தனர். அறுவைக்குப்பின் நூற்றுவருள் 90 பேர் பிழைப்பர் என்றும், நூற்றுவருள் 10 பேர் இறப்பர் என்றும் கூறுதல் பொருளால் ஒன்றே. ஆயினும் பிழைப்போர் தொகை கூறியபோது அறுவையை விரும்பினோர் மிக்கனர். இறப்போர் தொகை கூறியபோது குறைந்தனர். ஈண்டு நோக்கத்தக்கது யாதெனின், இங்ஙனம் மாறினோர் நோயாளிகள் மாத்திரமல்லர். வினவப்பட்ட மருத்துவரும் அவ்வாறே மாறினர். சொல்லால் மயங்குதல் மலமுடைய உயிர் எல்லாவற்றிற்கும் பொதுவாயின், மருத்துவர் மயக்கத்தை நம்பி நோயாளி மயக்கத்தை விலக்குதல் எவ்வாற்றான் முறையாகும்? இருவகையானுஞ் சொல்லி விளங்கச்செய்தலே தக்க பரிகாரம். நோயாளிக்கு வழிகளையும் அவற்றின் நன்மை தீமைகளையும் விளக்கும் துணையேடுகளைப்பற்றிய 209 ஆய்வுகளைக் காக்ரேன் என்னும் ஆராய்ச்சிக் கூட்டமைப்பு 2024-ஆம் ஆண்டு தொகுத்து நோக்கிற்று. அவற்றைப் பெற்றோர்க்கு அறிவு மிக்கதும், தாம் மதிப்பனவற்றோடு பொருந்தத் தேர்ந்தோர் தொகை பெருகியதும் அதனாற் புலனாயின.

அன்புடைய சுற்றத்தார் மறைத்தல் அருளன்றோ என்பது மூன்றாந் தடை. நம் நாட்டிலே பெரும்பாலும் நிகழ்வது இதுவே. புற்றுநோய் என்னுஞ் சொல்லை நோயாளியின் செவியிற் படாமற் காத்தலை மக்கள் கடமையாகக் கருதுகின்றனர். அவர்தம் அன்பை யான் இகழேன். யானும் அவ்வாறே செய்தேன். ஆயின் அம்மறைப்பால் நிகழ்வது யாது? நோயாளி தனக்கு நேர்ந்ததை முகக்குறிப்பால் உணர்ந்துகொண்டு, பிறர் வருந்துவரென்று தானும் மறைக்கின்றான். ஒரே வீட்டிலே இருதிறத்தாரும் ஒருவர்க்கொருவர் பொய்கூறிக் கடைசி நாட்களைக் கழிக்கின்றனர். கடன் தீர்த்தல், பகை நீத்தல், தலத்தை வழிபடுதல், பேர்த்தியைப் பாடக் கேட்டல் என அவன் செய்ய விரும்பிய யாவும் செய்யப்படாமற் கழிகின்றன. தன்னறிவோடு கூடிய வயதுவந்தார் ஒருவர்க்காகத் தாயார் தந்த இசைவு செல்லாதென்று நம் நாட்டு உச்ச நீதிமன்றமும் 2008-ஆம் ஆண்டுத் தீர்ப்பொன்றில் உரைத்துள்ளது. ஈன்ற தாயார்க்கே அங்ஙனமாயின், மகனுக்கும் நண்பனுக்குங் கூறவேண்டா. எனினும், "எனக்கு ஒன்றுஞ் சொல்லவேண்டா, என் மகனே துணிக" என்று நோயாளியே கூறுவாராயின் அதுவும் அவர் விருப்பமே, அதனையும் போற்றுக. கேட்டு அறிந்தபின் மறைத்தல் வேறு. கேளாது மறைத்தல் வேறு.

ஒவ்வொருவரும் தாம் விரும்பியதையே வேண்டின், பலர்க்குரிய பொதுப்பொருள் ஒருவர்க்கே செலவாகாதோ என்பது நான்காந் தடை. இது வலியுடைய தடையே. விருப்பம் என்றது, நூலால் தக்கனவென்று காணப்பட்ட வழிகளுள் ஒன்றைத் தேர்தலையும் வேண்டாதொழிதலையுமே. பயனில்லாத மருந்தையும் பிறர் பங்கையும் கேட்டு வாங்குதல் விருப்பத்தின் உரிமையாகாது. அதற்கு எல்லையிடுதல் நடுவுநிலைமையின் பாற்படும். அன்றியும், கேளாமையாற் பொருள் மிஞ்சும் என்பதும் உண்மையன்று. வென்பெர்க்கு என்பவரும் கிட்டெல்சான் என்பவரும் வெர்மான்ட்டு மாநிலத்தை ஆராய்ந்து 1973-ஆம் ஆண்டு வெளியிட்ட கட்டுரையில், தொண்டைச்சதையை அறுத்தெடுத்தல் ஓரூருக்கும் மற்றோரூருக்கும் பன்மடங்கு வேறுபடுவதைக் காட்டினர். நோய் அத்துணை வேறுபடவில்லை. மருத்துவர் வழக்கமே வேறுபட்டது. ஒருவர் வேண்டாத அறுவையை அவர்க்குச் செய்தல் அவர்க்குந் தீங்கு, பொதுப்பொருட்குங் கேடு.

நோய் ஊழ்வினையால் வந்தது, அதனை நுகர்ந்து கழித்தலேயன்றித் தேர்தற்கு என்ன இருக்கின்றது என்பது நம்மவருள் எழும் இறுதித் தடை. நுகர்வினை உடம்பொடு வந்ததென்பது உண்மையே. ஆயின் அதனை நுகருங்காலத்து உயிர் செய்யும் முயற்சி வருவினையாகிய ஆகாமியம் என்று நம் நூல்கள் பிரித்துணர்த்துகின்றன. நோய் வந்தது ஊழாயினும், அதன்முன் எங்ஙனம் நிற்றல் என்பது உயிரின் செயல். என் நண்பர் தங் குரலை விட்டது ஒரு செயல். மனைவியார்க்குஞ் சிறுமிக்குமாகத் தாம் நாற்பதாண்டு போற்றிய செல்வத்தைத் துறந்த செயல். யான் அவர்க்காகத் தேர்ந்திருப்பேனாயின், அவர் உடம்பிற்கு என்ன நேர்ந்திருக்குமோ அறியேன். அத்துறவு அவரதாயிராது என்பது மாத்திரந் திண்ணம்.

ஆகலின், நோயாளியின் பக்கத்தில் நிற்க நேர்ந்த அன்பர்கள் மூன்றனைக் கடைப்பிடிப்பாராக. முதலாவது, உண்மையை அறிய விரும்புகின்றாரா என்று அவரையே கேட்க. இரண்டாவது, அறிய விரும்பின், எல்லா வழிகளையும் அவற்றின் இருபக்கங்களோடும் அவர் மொழியில் விளங்கச்செய்ய மருத்துவரை வேண்டுக. மூன்றாவது, எதனை இழக்க அஞ்சுகின்றீர், எதற்காக வாழ விரும்புகின்றீர் என்று வினவி, விடை வருமளவும் பொறுத்திருக்க. கேட்பதற்குப் பொருட்செலவில்லை, கால்நாழிகை போதும். அக்கால்நாழிகையைச் செலவிட மனமின்றியே பெரும்பொருள் செலவிட்டு வேண்டாததைச் செய்கின்றோம்.

என் நண்பர்க்கு அறுவை நன்கு நிறைவேறிற்று. கழுத்துத் துளையை விரலால் மூடிக் கருவியின் துணையால் சில சொற்கள் பேசுகின்றார், பாடுதல் இல்லை. சென்ற திங்கள் சாயரட்சை வேளையில் அவ்வாலயத்துக்குச் சென்றிருந்தேன். சிறுமி நின்று பதிகம் ஓதினாள். நண்பர் கைத்தாளத்தை ஏந்தி அருகில் அமர்ந்திருந்தார். ஓரிடத்தில் அவள் பண் பிறழ்ந்தாள். அவர் தாளத்தை நிறுத்தி ஒருவிரலை உயர்த்தினார். அவள் அவ்வடியை மீண்டும் எடுத்து ஓதினாள். அவர் தலையசைத்துத் தாளத்தைத் தொடர்ந்தார். யான் அவர்க்காகத் தேர்ந்த வழியிலே இக்காட்சிக்கு இடம் இருந்ததா என்று என்னையே கேட்டுக்கொண்டு திரும்பினேன்.

திருச்சிற்றம்பலம்.